சீக்கிரம் முடித்த பிள்ளைக்கு இன்னும் இருபது கணக்கா?

வகுப்பில் எல்லோருக்கும் முன்னால் கணக்கை முடித்துவிடும் பிள்ளைக்கு நாம் வழக்கமாகத் தரும் பரிசு, இன்னும் இருபது கணக்கு. அதுவும் அதே மாதிரிக் கணக்கு. இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள், அந்தப் பிள்ளை மெதுவாகப் போடக் கற்றுக்கொண்டிருக்கும். புத்திசாலிப் பிள்ளை அல்லவா!

மொரிஷியசில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்பவள் நான். "மிஸ், பையனுக்கு எல்லாம் தெரியுது, ஆனா வகுப்புல உட்கார மாட்டேங்கிறானாம்" என்று வரும் அம்மாக்கள் அநேகமாகக் கூடவே இன்னொன்றும் கேட்பார்கள்: "இன்னொரு டியூஷன் வைக்கட்டுமா?" தயவுசெய்து வேண்டாம். தெரிந்ததையே மூன்றாம் முறை கேட்க வைத்தால் உட்கார மாட்டேன் என்கிற பிள்ளை உட்கார்ந்துவிடுமா?

பெற்றோரைக் குறை சொல்லி மட்டும் பயனில்லை. பதினொரு வயதில் எழுதும் சி.பி.இ. என்ற ஒரே தேர்வு எந்தக் காலேஜ், அதாவது எந்த உயர்நிலைப் பள்ளி, என்பதைத் தீர்மானித்த காலத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். 2017இல் சி.பி.இ. போய் பி.எஸ்.ஏ.சி. என்ற தேர்வு வந்தது, ஒன்பதாம் கிரேடு வரை தொடரும் ஒன்பதாண்டுத் தொடர்கல்வி வந்தது, வடிகட்டல் ஒன்பதாம் கிரேடுக்குப் பின்னால் அகாடமி எனப்படும் பொறுக்கியெடுத்துச் சேர்க்கும் பள்ளிகளுக்குத் தள்ளிப்போனது. ஆனால் வீட்டுப் பயம் அப்படியே இருக்கிறது. பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி. முடிவு வந்ததும் லோரியா ஆன, அதாவது முதலிடங்களில் வந்து அரசு உதவித்தொகை பெற்ற, பிள்ளைகளின் படம் பத்திரிகையில் வருகிறது. மூன்றாம் கிரேடு படிக்கிற பிள்ளையின் தாத்தா அதைக் கத்தரித்து வைக்கிறார். இந்த ஏற்பாடெல்லாம் பிள்ளைகளைப் பிரித்தெடுப்பதற்கு. பிரித்தெடுத்த பிள்ளைக்குத் தீனி போடுவது வேறு வேலை, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பிரித்தெடுப்பதிலும் சறுக்கல் உண்டு. 1921இல் கலிபோர்னியாவில் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் நுண்ணறிவுச் சோதனை வைத்து மேதைப் பிள்ளைகளைத் தேடினார். சோதித்ததில் மதிப்பெண் போதாமல் விட்டுப்போனவர்களில் இருவர் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ். பின்னாளில் இருவரும் இயற்பியலுக்கு நோபல் பரிசு வாங்கினார்கள், 1956இலும் 1968இலும். அதனால்தானோ என்னவோ, 1978இல் ஜோசப் ரென்சுல்லி என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர் சொன்ன வரையறை எனக்குப் பிடிக்கும்: சராசரிக்கு மேற்பட்ட திறன், எடுத்ததை விடாத பிடிவாதம், படைப்பாற்றல். இந்த மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் அவர் மேதைமையைப் பார்த்தார். மூன்றில் பிடிவாதத்தை எந்தத் தேர்வும் அளப்பதில்லை.

நம் தீவில் இன்னொரு திரையும் உண்டு. பிள்ளை வீட்டில் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி. கணக்குப் புத்தகம் ஆங்கிலத்தில். பிரெஞ்சு ஒரு பாடம், தமிழ் எடுத்தால் அது இன்னொன்று. கேள்வியே புரியாமல் சும்மா இருக்கும் பிள்ளையை 'சுமார்' என்று எழுதிவிடுகிறோம். சந்தேகம் வந்தால் அதே கேள்வியைக் கிரியோலில் கேட்டுப் பாருங்கள். விளையாட்டு விதியில் ஓட்டை கண்டுபிடித்து வாதாடுவது, கையெழுத்து கோணலாக இருந்தாலும் சொல்லும் காரணம் நேராக இருப்பது, 'அப்படியென்றால் இது மட்டும் ஏன்?' என்று நச்சரிப்பது, இவையெல்லாம் நான் கவனிக்கும் அடையாளங்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கவே திணறும் பிள்ளையிடமும் இவற்றைப் பார்த்திருக்கிறேன். வாசிப்புக் குறைபாடும் கூர்மையும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம்; அந்தப் பிள்ளைக்கு இரண்டுக்குமே உதவி வேண்டும்.

வகுப்பில் செய்யக்கூடிய எளிய முறை ஒன்று: பயிற்சியில் மிகக் கடினமான ஐந்து கணக்கை முதலிலேயே கொடுப்பது. நான்கு சரியாக வந்துவிட்டால் மீதிப் பயிற்சி தேவையில்லை. மிஞ்சுகிற அந்த அரைமணி நேரத்தில் என்ன செய்யப் போகிறோம் என்பதில்தான் வாத்தியாரின் திறமை இருக்கிறது. வண்ணம் தீட்டச் சொல்வதும், பின்தங்கிய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்வதும் பொழுதைப் போக்கும், அவ்வளவுதான். தினமும் குட்டி வாத்தியார் வேலை பார்க்கும் பிள்ளை எப்போது புதிதாகக் கற்கும்?

நான் அடிக்கடி எடுப்பது சிக்குக் கோலம். கட்டம் போட்ட தாளில் மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவில் எல்லா இடத்திலும் கோடு குறுக்கே வெட்டிப் போக வேண்டும், ஓரத்துக்கு வந்தால் வளைந்து திரும்ப வேண்டும். விதி இவ்வளவே. கையை எடுக்காமல் ஒரே கோட்டில் முடியுமா? முடியும். மூன்றுக்கு மூன்று போட்டால்? மூன்று தனித்தனிக் கோடு வருகிறது. உடனே ஒரு பெண் சொன்னாள், "ரெண்டு பக்கமும் சமமா இருந்தாத்தான் உடையும்." சரி, நான்குக்கு ஆறு போட்டுப் பார் என்றேன். இரண்டு கோடு. சமமில்லையே! அழித்தாள், மறுபடி போட்டாள், திரும்பவும் இரண்டு. முகம் சிவந்துவிட்டது. அவள் அதுவரை பள்ளியில் தப்பாகச் சொன்னதே இல்லை.

நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டுக்கு நான்கு, மூன்றுக்கு ஆறு, மூன்றுக்கு ஐந்து என்று அவளே அட்டவணை போட ஆரம்பித்தாள். கோடுகள் வந்தது இரண்டு, மூன்று, ஒன்று. அடுத்த வாரம் வந்து சொன்னாள்: இரண்டு எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி, அதாவது இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய எண், எவ்வளவோ, அத்தனை கோடு. வகுப்பில் சூத்திரமாக ஒப்பித்த அதே பாடம்தான். "ஏன் அப்படி வருது?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன். அதற்கு இன்னும் நாள் பிடிக்கும், பிடிக்கட்டும்.

இன்னொன்று நம் ஊர்ச் சரக்கு. தாம்பலகோக் என்றொரு மரம், மொரிஷியசில் மட்டுமே வளர்வது. இந்த மரம் பதின்மூன்றுதான் மிஞ்சியிருக்கிறது, எல்லாம் முந்நூறு வயது தாண்டியவை என்று 1977இல் ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுதினார். டோடோ பறவை தின்று, அதன் வயிற்றில் கெட்டியான ஓடு அரைபட்டு வந்தால்தான் விதை முளைவிடும். டோடோ அழிந்ததால் மரமும் முளைப்பதில்லை என்பது அவர் கருத்து. வான்கோழிகளுக்குப் பதினேழு விதை ஊட்டினார். ஏழு நொறுங்கிவிட்டது, பத்து முழுசாக வெளியே வந்தது, அதில் மூன்று முளைத்தது.

இங்கே நிறுத்திவிட்டு, "நம்புகிறீர்களா?" என்று கேட்பேன். வான்கோழி டோடோ ஆகுமா, மூன்று போதுமா என்று முதலில் சத்தம் வரும். ஆங்கிலப் பாடத்தில் கடைசி வரிசையில் இருக்கும் ஒரு பையன் கிரியோலில் கேட்டான்: வான்கோழி தின்னாத விதையையும் பக்கத்திலேயே நட்டாரா? நடவில்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் பிடித்த ஓட்டைகளில் அது முக்கியமானது. முந்நூறு ஆண்டுக்கு உட்பட்ட மரங்களும் இருக்கின்றன என்றும் காட்டினார்கள். பத்து வயதுப் பையன் அந்த இடத்துக்கு வந்து நின்றதற்கு அன்று எந்தப் பேப்பரிலும் மார்க் இல்லை. அவன் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

பாராட்டும்போதும் நிதானம் வேண்டும். 1998இல் கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற உளவியலாளர்கள் நடத்திய ஆய்வில், 'நீ கெட்டிக்காரி' என்ற பாராட்டைக் கேட்ட பிள்ளைகள் அடுத்து எளிதான வேலையைத் தேர்ந்தெடுக்கும் பக்கம் சாய்ந்தார்கள். 'நல்லா உழைச்சிருக்கே' என்று கேட்டவர்கள் கடினமானதைத் தேடினார்கள். ஆகவே கோவிலில் சொந்தக்காரர்கள் நடுவே 'எங்க வீட்டு விஞ்ஞானி' என்று நிறுத்தி வைக்காதீர்கள். அந்தப் பட்டத்தைக் காப்பாற்றவே பிள்ளை கஷ்டமான கேள்வியைத் தவிர்க்கப் பழகிவிடும். வகுப்பு தாண்டி ஏற்றலாமா என்றும் கேட்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு ஒத்துவரும். ஆனால் பிள்ளையைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது.

விடுமுறைக்கு ஒரு வேலை சொல்கிறேன், செலவு அதிகமில்லை. போர்ட் லூயிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய் டோடோ எலும்புக்கூட்டின் முன்னால் பிள்ளையை நிறுத்துங்கள். 1865இல் மார் ஓ சோஞ்ச் சதுப்பில் டோடோ எலும்புகளைத் தோண்டியெடுத்தவர் மாயேபூர்ப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் கிளார்க். ஒரே பறவையின் எலும்புகளைப் பெரும்பாலும் முழுதாகக் கண்டெடுத்தவர் போர்ட் லூயிஸில் முடிவெட்டிய எத்தியேன் திரியூ. உலகத்து அருங்காட்சியகங்களில் நிற்கும் டோடோக்களில் பெரும்பாலானவை பல பறவைகளின் எலும்பைச் சேர்த்துக் கட்டியவை. இதையெல்லாம் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். "இது ஒரே பறவையா, பல பறவையா? எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார இடம் பாருங்கள். நேரமாகும்.