புள்ளிக் கூட்டமெல்லாம் புரதக் கூட்டம் இல்லை

மறுபடியும் அதே படம். கறுப்புப் பின்னணி, செல் சவ்வு முழுக்கச் சின்னச் சின்ன மஞ்சள் கொத்துகள், கீழே 'எங்கள் புரதம் நானோ கொத்துகளாக இருக்கிறது' என்று ஒரு வரி. சூப்பர் ரெசல்யூஷன் நுண்ணோக்கியில் மற்றவர்களின் மாதிரிகளைப் படமெடுத்துக் கொடுப்பது என் வேலை. தரவைத் திறந்து பார்த்தால், பெரும்பாலான கொத்துகள் ஒரே மூலக்கூறைப் பலமுறை எண்ணியதால் வந்தவை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கட்டுப்பாட்டு மாதிரிகூட இல்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதியே வைக்கிறேன்.

சாதாரண ஒளி நுண்ணோக்கியில் சுமார் 200 நானோமீட்டருக்குள் நெருங்கியிருக்கும் இரண்டு பொருள்கள் ஒன்றாகத்தான் தெரியும். 1873இல் ஜெர்மன் இயற்பியலாளர் அபே சொன்ன எல்லை அது. 2006இல் வந்த பால்ம், ஸ்டார்ம் என்ற சூப்பர் ரெசல்யூஷன் முறைகள், ஒளிரும் மூலக்கூறுகளை ஒரு நேரத்தில் சிலவாக மட்டும் மின்னவைத்து, அதைத் தாண்டி 10, 20 நானோமீட்டர் துல்லியத்தில் இடம் குறிக்கின்றன. 2014இன் வேதியியல் நோபலும் இந்தத் துறைக்குத்தான் கிடைத்தது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் படத்தில் இருக்கும் புள்ளி ஒரு புரதம் அல்ல, ஒரு ஒளிர்வு என்பதுதான் மனதில் ஏற மறுக்கிறது. ஒரு சாய மூலக்கூறு ஒளிரும், அணையும், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஒளிரும். ஒவ்வொரு முறையும் மென்பொருள் அதைப் புதிய மூலக்கூறாகவே பதிந்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் கணக்கிட்ட இடம் சில நானோமீட்டர் தள்ளி விழும். கடைசியில் ஒற்றை மூலக்கூறு ஒரு அழகான கொத்தாக நிற்கும். ஒரே இலையில் உட்கார்ந்திருக்கும் மின்மினியை, மின்னும்போதெல்லாம் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போவது போன்ற தவறு இது. போதாததற்கு, புரதத்தைத் தேடிப் பிடித்துச் சாயத்தை அதில் சேர்க்கும் ஆன்டிபாடி ஒன்றில் பல சாய மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும், அவை ஒவ்வொன்றும் தனித்தனியே மின்னும்.

'ரிப்ளி என்ற புள்ளியியல் சோதனையில் கொத்து என்று வந்ததே' என்பார்கள். வரத்தான் செய்யும். புள்ளிகள் கூடியிருக்கின்றனவா என்பதைத்தான் அது பார்க்கும், ஏன் கூடின என்பதைப் பார்க்காது.

மாணவர்கள் மட்டும் தடுக்கி விழும் இடமும் இல்லை இது. தூண்டப்படாத டி செல் என்ற நோய் எதிர்ப்பு செல்லின் ஏற்பிகள் முன்கூட்டியே கொத்தாக இருக்கின்றன என்று பல ஆய்வுகள் சொல்லிவந்தன. இந்தப் பிழையைக் கவனமாகக் களைந்து பார்த்த வியன்னா ஆய்வாளர்கள், அவை சவ்வில் தாறுமாறாகப் பரவியே இருக்கின்றன என்று 2018இல் எழுதினார்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஆன்டிபாடியின் அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பாருங்கள். பொய்க் கொத்து என்றால் கொத்துகளின் எண்ணிக்கை குறையும், ஒவ்வொரு கொத்துக்குள்ளும் இருக்கும் புள்ளிகள் குறையாது. உண்மையான கொத்து என்றால் உள்ளே இருப்பதும் குறையும். கண்ணாடியில் அங்கொன்று இங்கொன்றாகத் தூவிய அதே ஆன்டிபாடியைப் படமெடுத்து, ஒன்று எத்தனை முறை மின்னுகிறது என்று அளந்துகொள்ளுங்கள். தனித்தனியாகவே இருக்கும் என்று தெரிந்த ஒரு சவ்வுப் புரதத்தையும் கூடவே எடுங்கள். இந்த மூன்றும் இல்லாமல் 'கொத்து' என்று எழுதாதீர்கள்.

அப்புறம், செல்லை உறையவைக்கும் வேதிப்பொருளான பாராஃபார்மால்டிஹைடு மட்டும் போட்டால் சவ்வுப் புரதங்கள் அசையாமல் நின்றுவிடும் என்று நம்பாதீர்கள். பல புரதங்கள் நகர்ந்துகொண்டேதான் இருக்கும், இரண்டு பிடிப்பு முனைகள் கொண்ட ஆன்டிபாடி அவற்றை இழுத்துச் சேர்த்தும் விடும். இன்னும் இறுக்கிப் பிடிக்கும் குளூட்டரால்டிஹைடையும் கொஞ்சம் சேருங்கள். முடிந்தால் ஒரே பிடிப்பு முனை கொண்ட நானோபாடி பயன்படுத்துங்கள், அளவிலும் அது சிறியது. சவ்வின் மடிப்புகளும் தட்டையான படத்தில் கொத்து போலத் தெரியும் என்பதால் சவ்வுக்கே தனியாக ஒரு சாயம் போட்டுப் பாருங்கள்.

தயவுசெய்து, மாதிரி தயாரிக்கும் முன்பே உங்கள் ஊரில் நுண்ணோக்கியைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒருமுறை பேசுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால், வண்ணம் தீட்டிய படத்தை விட்டுவிட்டு கேமரா அடுத்தடுத்து எடுத்த மூலச் சட்டகங்களைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஒரே இடத்தில் எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் மின்னியது என்பது அதில்தான் இருக்கிறது.