கங்கூவோ நிசானோ? செகண்ட்ஹாண்ட் எலெக்ட்ரிக் வான் வாங்க முதல் ஒருக்கா வாசியுங்கோ

நான் லண்டனில எலெக்ட்ரீஷியன். கடையளுக்கும் வீடுகளுக்கும் வாகனம் சார்ஜ் பண்ணுற பொக்ஸ் பூட்டிக் குடுக்கிறதுதான் இப்ப கூடுதலான வேலை. புகை கூடின பழைய வாகனத்துக்கு நாளுக்குக் காசு அறவிடுற யூலெஸ் திட்டம் 2023 ஓகஸ்ட் 29 இல இருந்து லண்டன் முழுக்க வந்திட்டுது, பழைய டீசல் வான் வச்சிருந்த எங்கட கடைக்காரர் நாளுக்கு 12.50 பவுண்ஸ் கட்டிக் களைச்சுப்போய் செகண்ட்ஹாண்ட் எலெக்ட்ரிக் வான் தேடத் தொடங்கிட்டினம். என்னட்ட கேக்கிறது ஒரே கேள்விதான்: "தம்பி, ரெனோ கங்கூ எடுக்கவோ நிசான் எடுக்கவோ, எது கனதூரம் ஓடும்?"

விளம்பரத்தைப் பாத்தா ரெண்டும் ஒண்டுதான். கங்கூ இசட்.ஈ. 33 எண்டது 2017 இல வந்தது, 33 யூனிட் பற்றரி, பழைய ரெஸ்ற் கணக்கில 270 கிலோமீற்றர். நிசான் ஈ-என்வி200 ன்ர 40 யூனிட் மொடல் 2018 இல வந்தது, அதே கணக்கில 280. ஆனா ரெனோவே தன்ர வாயால சொன்னது என்னெண்டால் கோடையில 200, நல்ல குளிருக்குள்ள 120 கிலோமீற்றர்தான், அதாவது 75 மைல். நிசானுக்கும் பிறகு வந்த புது ரெஸ்ற்றில 200 தான் வந்தது, ரவுணுக்குள்ள மட்டும் மெதுவா ஓடினா 301. டீசல் வானில எஞ்சின் சூட்டில ஹீற்றர் சும்மா வேலை செய்யும், இதில கண்ணாடிப் பனி உருக்கிற சூடும் பற்றரியில இருந்துதான் போகவேணும், ஆனபடியா ஜனவரியில ரெண்டும் குறையும்.

பெரிய வித்தியாசம் சார்ஜ் பண்ணுறதில இருக்கு, அதை ஒருத்தரும் கேக்கிறேல்ல. கங்கூவில ஃபாஸ்ற் சார்ஜ் பண்ணுற வாயே இல்லை. மோட்டர்வேயில எவ்வளவு பெரிய மெஷின் நிண்டாலும் உங்களுக்கு உதவாது. கூடினது 7.4 கிலோவாட், மணித்தியாலத்துக்கு ஒரு 35 கிலோமீற்றர் ஏறும், வெறும் பற்றரி நிரம்ப ஆறு மணித்தியாலம். நிசானில மெதுவாவும் ஏத்தலாம், சாடேமோ எண்ட ஃபாஸ்ற் சார்ஜிங் வாயும் இருக்கு, 50 கிலோவாட் மெஷினில 40 நிமிஷத்தில இருந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள 80 வீதம் ஏறும். ஆனா புதுசா வாற இடங்களில நிசானுக்குப் பொருந்தாத சிசிஎஸ் எண்ட வேற வகை ஃபாஸ்ற் சார்ஜிங் வயர்தான் கூடப் போடுறாங்கள், சாடேமோ ஒண்டு இருக்கும் இல்லாட்டி இராது. அந்த ஒண்டிலையும் வேற ஆள் நிண்டா நீங்கள் பாத்துக்கொண்டு நிக்க வேண்டியதுதான்.

குரொய்டனில மரக்கறிக் கடை வச்சிருக்கிற அண்ணை ஒருத்தர், விடியப்புறம் ரெண்டு மணிக்கே லேற்றன் ஸ்பிற்றல்ஃபீல்ட்ஸ் மார்க்கெற்றுக்கு வெளிக்கிடுறவர். போய்வர 35 மைல் சொச்சம். கடை பூட்ட இரவு பத்து மணி, அப்ப இவருக்கு இரவு எண்டு நாலு மணித்தியாலம்தான் இருக்கு, அதுக்குள்ள சார்ஜ் ஏறாது எண்டு பயந்து நிசான்தான் வேணும் எண்டு நிண்டார். நான் சொன்னன், அண்ணை, ஒரு கிழமைக்கு வான் எத்தனை மணிக்கு வருது, எத்தனை மணிக்குப் போகுது எண்டு எழுதி வையுங்கோ. எழுதிப் பாத்தா, விடிய ஏழில இருந்து மத்தியானம் ஒரு மணி வரைக்கும் ஒவ்வொரு நாளும் கடைக்குப் பின்னால சும்மா நிக்குது! ஆறு மணித்தியாலம். கங்கூ அவருக்குத் தாராளமாக் காணும்.

அவற்ர மச்சான் ஹரோவில கேற்றரிங் செய்யிறவர், சனிக்கிழமையில லெஸ்ரர் வரைக்கும் சாப்பாடு கொண்டுபோறவர், ஒரு பக்கமே 90 மைல் அளவில வரும். அவருக்கு கங்கூ சரிவராது. நிசானை எடுக்கச் சொன்னன், ஆனா வழியில சாடேமோ எங்க எங்க இருக்கு, உண்மையா வேலை செய்யுதோ எண்டு முதலே பாத்து வைக்கவும் சொன்னன்.

இனி வயர் விஷயம். அண்ணை முதல்ல நினைச்சது கடைக்குள்ள இருக்கிற மூண்டு பின் சொக்கற்றில எக்ஸ்ரென்ஷன் போட்டுச் சார்ஜ் பண்ணலாம் எண்டு. தயவுசெய்து வேண்டாம். போன வருஷம் ஒரு வீட்டில பிளக்கை இழுத்துப் பாத்தன், ஃபியூஸ் பக்கம் கபில நிறமா உருகி சொக்கற்றோட ஒட்டிப்போய்க் கிடந்தது, மீன் பொரிச்ச எண்ணெய் கருகினமாதிரி ஒரு மணம், அந்த அறையிலதான் பிள்ளையள் படுக்கிறவை. மூண்டு பின்னில 10 அம்பியர், மணிக்கணக்கா விடாம ஓடும், எக்ஸ்ரென்ஷன் ரீல் சுத்தியிருந்தா உள்ளுக்கு இன்னும் கொதிக்கும். நிசான்ர 40 யூனிட்டை அதில நிரப்ப 20 மணித்தியாலத்துக்கும் மேல எடுக்கும்.

சரி, 7 கிலோவாட் பொக்ஸ் போடுவம் எண்டால் அது 32 அம்பியர் இழுக்கும். அண்ணையின்ர கடையில மெயின் ஃபியூஸ் 60 அம்பியர். ஃபிரீசர், கூல் ரூம் எல்லாம் ஓடேக்க கறண்ட் அளக்கிற கிளாம்ப் மீற்றர் வச்சுப் பாத்தா 41 காட்டுது. ரெண்டையும் கூட்டினா 73, ஃபியூஸ் போய், கூல் ரூம் நிண்டு, மரக்கறி எல்லாம் பழுதாப்போகலாம். அதுக்கெண்டு கடை இழுக்கிற கறண்டைப் பாத்துத் தானாக் குறைக்கிற பொக்ஸ் இருக்கு, அதைத்தான் போட்டம். கட்டடச் சொந்தக்காரரிட்ட எழுத்தில அனுமதி வேணும், கறண்ட் நெற்வேர்க் கொம்பனிக்கும் அறிவிக்க வேணும், இதெல்லாம் வானுக்குக் காசு குடுக்க முதல் செய்யுங்கோ.

வெளியில சார்ஜ் பண்ணினா வற் வரி 20 வீதம், வீட்டுக் கறண்டுக்கு 5 தான். வீட்டு வாசலில வான் விட இடம் இருந்தா அங்க பொக்ஸ் போடுறது மேல்.

கங்கூ பாக்கப் போறவை முக்கியமாக் கேக்க வேண்டிய ஒண்டு: பற்றரி சொந்தமோ வாடகையோ? கனக்க கங்கூவை பற்றரியை மாத வாடகைக்குக் குடுத்துத்தான் வித்தவங்கள். ஒருத்தர் மலிவெண்டு காசு குடுத்து வாங்கினாப் பிறகுதான் வாடகைக் கடிதம் வந்தது, வித்தவர் மூச்சும் விடேல்ல. ஆரம்ப நிசான் 24 யூனிட் வானிலையும் அந்தத் திட்டம் இருந்தது, ஆனபடியா அதுக்கும் கேளுங்கோ. நிசானில டாஷ்போட்டில பற்றரி மீற்றருக்குப் பக்கத்தில சின்னச் சின்னக் கோடு 12 இருக்க வேணும், குறைஞ்சிருந்தா பற்றரி அந்தளவுக்குத் தேஞ்சுபோச்சு. விக்கிறவர் முழுக்கச் சார்ஜ் போட்டு வச்சிருந்தாலும் குறைஞ்ச கோடு திரும்பி வராது, அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கோ, பாத்துச் சொல்லுறன்.