கொம்பன்சேட்டருக்கு நட்டமில்லை

பொறியியல் தொழினுட்பவியல் படிக்கும் வெள்ளவத்தைப் பிள்ளை ஒருத்தி ஒரு குறிப்புத்தாளைக் கொண்டுவந்து காட்டினாள். ‘மின்தர நட்டஈட்டுக் கருவி’ என்று இருந்தது. “இதில ஆருக்கு அங்கிள் நட்டம்?” என்றாள். கேட்க வேண்டிய கேள்விதான். வழியில் வரும் மின்சாரத்தின் குறையைச் சரிக்கட்டும் கருவிக்கு ஆங்கிலத்தில் கொம்பன்சேட்டர் (compensator) என்று பெயர். அந்தச் சொல்லைக் காப்புறுதிக் கம்பனி வாசலில் நின்று யாரோ மொழிபெயர்த்திருக்கிறார்கள்.

அதன் இலத்தீன் மூலம் ‘கொம்பென்சாரே’: ஒன்றுக்கு எதிரே இன்னொன்றை வைத்து நிறுப்பது. செட்டியார் தெருவில் பழைய நகைத் தராசைப் பார்த்தவர்களுக்குப் புரியும். மேலே எழும்பிய தட்டில் சின்னப் படி ஒன்றை இட்டால் முள் நடுவுக்கு வந்துவிடும். காசு கொடுத்துத் தீர்ப்பது பின்னால் ஏறிய பொருள்.

தமிழில் இதற்கு ‘ஈடு’ இருக்கிறது. சுடு சூடானதுபோல, கெடு கேடானதுபோல, இடு ஈடானது. காணியை ஈடு வைப்பது, ஈடு இணை இல்லாதது, ஈடுகொடுப்பது எல்லாம் இதன் வழிதான். ஆகவே நட்டத்தைக் கழற்றிவிட்டு ‘ஈடுசெய்கருவி’ என்றால் சரி.

பொருத்தம் சொல்லோடு நிற்கவில்லை. கருவி உண்மையிலேயே இடுகிறது. நம் வீடுகளுக்கு வரவேண்டியது 230 வோல்ற்று. 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அயலில் எங்கோ குறுஞ்சுற்று ஏற்பட்டு அது 180க்கு இறங்கினால், தொடராக இணைத்த ஈடுசெய்கருவி குறைந்த 50ஐ அந்தக் கணமே மின்வழியில் சேர்த்துவிடும். சமாந்தரமாக இணைத்தது மின்னோட்டத்தை இடும். இப்படிச் சட்டென்று இறங்கி மீள்வதைத் ‘தொய்வு’ என்பேன், உடுப்புக் காயும் கொடி தொய்வதுபோல. மின்னலையின் அரைச் சுற்று, அதாவது 10 மில்லிசெக்கன், நீடித்தாலே அது தொய்வுதான். பிரிஜ்ஜுக்குப் பக்கத்தில் ‘டிக்’கென்று கம்பிச் சுற்று மாற்றும் ஸ்டெபிலைசர் அந்த வேகத்துக்கு ஈடுகொடாது.

வோல்டேஜுக்கு வோல்ற்றளவு நம் பாடநூல் சொல், தமிழ்நாட்டில் மின்னழுத்தம். 1800இல் மின்கலவடுக்கை அறிவித்த வோல்ட்டாவின் பெயரை அதை அளக்கும் அலகுக்கு 1881இல் பாரிஸ் மாநாடு ஏற்றது. பெயர் தங்கட்டும், எனக்கு இரண்டும் சம்மதம்.

தாளில் உள்ள ‘வோல்ற்றளவுக் கட்டுப்பாடு’தான் இடறுகிறது. 2022இல் 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட கொழும்புக் காதுக்குக் கட்டுப்பாடு என்றால் குறைத்துத் தருவது. நான் ‘சீர்ப்படுத்தல்’ என்று எழுதுவேன். அதிலும் இரண்டு வேலை உண்டு. ஒன்று, வழியின் வோல்ற்றளவு. மற்றது கருவிக்குள் மின்னைச் சேமித்து வைக்கும் கொள்ளளவியினுடையது. அதில் இருந்தால்தானே எடுத்து இடலாம்? அதனால் அதை ஓயாமல் அளந்து, குறைந்தால் வழியிலிருந்தே கொஞ்சம் எடுத்து நிரப்புகிறார்கள். பிள்ளையின் தாளில் இந்த இரண்டாவதற்குப் பெயர் ‘உள்ளக நட்டஈடு’. அதையும் வெட்டிவிட்டேன்.