நல்ல லெக்சர் கேட்டா எல்லாம் புரிஞ்ச மாதிரி இருக்கே, அது எப்படி?

யூனிவர்சிட்டிகள்ல பொதுமக்களுக்காக நடத்துற சைக்காலஜி, சோசியாலஜி லெக்சர் எல்லாம் இப்ப யூட்யூப்லயே கொட்டிக் கிடக்கு, பெரிய பெரிய ப்ரொஃபசருங்க ஒரு மணி நேரம் பேசுறத வீட்ல உக்காந்தே கேட்டுடலாம், நிஜமாவே பெரிய வரம் இது. கேட்டு முடிச்சதும் எல்லாம் புரிஞ்சிடுச்சுன்னு மனசு நிறைஞ்சு போகும். மறுநாள் யாராவது "என்ன சொன்னாரு?"ன்னு கேட்டா ரெண்டு வரிக்கு மேல வராது. ஏன் இப்படின்னு சைக்காலஜிக்காரங்களே லெக்சர வச்சு டெஸ்ட் பண்ணிப் பாத்திருக்காங்க.

அமெரிக்காவுல அயோவா ஸ்டேட் யூனிவர்சிட்டியோட ஷானா கார்ப்பென்டர் டீம் 2013ல வெளியிட்ட ஆய்வு இது. கருப்பு, ஆரஞ்சு, வெள்ளைன்னு மூணு கலர்ல திட்டுத்திட்டா இருக்குற பூனை ஏன் கிட்டத்தட்ட எப்பவுமே பெட்டையாவே இருக்குன்னு ஒரு குட்டி வீடியோ (ஆரஞ்சா கருப்பாங்கிற ஜீன் எக்ஸ் க்ரோமோசோம்ல இருக்கு, பெட்டைக்கு எக்ஸ் ரெண்டு, அதனால ரெண்டு கலரும் வரும்). ஒரு வீடியோவுல பேசுறவங்க நிமிர்ந்து நின்னு, கண்ணப் பாத்து, பேப்பரே இல்லாம சரளமா பேசுறாங்க. இன்னொன்னுல அதே ஆள், அதே ஸ்க்ரிப்ட், ஆனா குனிஞ்சு பேப்பரப் பாத்து தட்டுத்தடுமாறி வாசிக்கிறாங்க. சரளமான வீடியோ பாத்தவங்க தங்களுக்கு நிறைய ஞாபகம் இருக்கும்னு கணிச்சாங்க, மத்தவங்க கம்மியாதான் இருக்கும்னு சொன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு டெஸ்ட் வச்சா ரெண்டு பேருமே கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.

ஒரு விஷயம் நமக்குள்ள எவ்வளவு பதிஞ்சிருக்குன்னு நேரடியா பாக்க மூளைக்கு வழியே கிடையாது, அதனால அது குறுக்கு வழியில போகுது, உள்ள வரும்போது சிரமமே இல்லாம வந்துச்சா, அப்ப நமக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு எடுத்துக்குது. ஆனா லெக்சர்ல அந்தச் சிரமத்த எல்லாம் பேசுறவர் முன்னாடியே பட்டு முடிச்சிருப்பாரு. அவரோட சரளத்த நம்மோட அறிவுன்னு கணக்குல எழுதிக்கிறோம்.

இது எவ்வளவு தூரம் போகும்னா, 1970ல மைக்கேல் ஃபாக்ஸ்ங்கிற நடிகர "டாக்டர் மைரன் ஃபாக்ஸ்"னு ஒரு பெரிய நிபுணரா அறிமுகப்படுத்தி, சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட் எல்லாம் இருந்த கூட்டத்துல பேச வச்சாங்க. கேம் தியரி (போட்டியில யார் என்ன முடிவெடுப்பாங்கன்னு கணக்குப் போட்டுப் பாக்குற கணிதம்) பத்தின பேச்சு, முன்னுக்குப் பின் முரணா, அர்த்தமே இல்லாம, நடுநடுவுல ஜோக் வச்சு. கேட்டவங்க நல்ல மார்க் போட்டாங்க, சிந்திக்க வச்சுதுன்னு கூட சொன்னாங்க. ஒப்பிட்டுப் பாக்க வேற லெக்சர் எதுவும் வைக்காத சின்ன ஆய்வுதான் அது, அதனால அத மட்டுமே நம்பி பெருசா எதுவும் சொல்லிட முடியாது, ஆனா பூனை வீடியோவோட சேத்து வச்சுப் பாத்தா ரெண்டும் ஒரே பக்கம்தான் கை காட்டுது.

சமூக அறிவியல்ல இன்னொரு கூடுதல் சிக்கல் இருக்கு. கொலம்பியா யூனிவர்சிட்டி சோசியாலஜி ப்ரொஃபசர் பால் லாசர்ஸ்ஃபெல்ட் 1949லயே இதக் காட்டிட்டாரு. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல அமெரிக்க வீரர்கள்கிட்ட நடத்துன ஆய்வு முடிவுகள்னு சிலத எழுதினாரு: படிச்சவங்களுக்கு மனநல அறிகுறிகள் அதிகம், கிராமத்து ஆளுங்க நகரத்து ஆளுங்கள விட உற்சாகமா இருந்தாங்க, இப்படி. படிக்கிறவங்க "இது தெரிஞ்சதுதானே, இதுக்கு ஒரு ஆராய்ச்சியா"ன்னு நினைக்கும்போது, நிஜமான முடிவுகள் எல்லாம் இதுக்கு நேர் எதிர்னு போட்டு உடைச்சாரு. மனுஷங்களப் பத்தி எந்தப் பக்கம் சொன்னாலும் நம்மகிட்ட ஒரு காரணம் தயாரா இருக்கும். அதனால ப்ரொஃபசர் முடிவச் சொல்றதுக்கு முன்னாடி வீடியோவ நிறுத்திட்டு, என்ன வரும்னு நீங்களே எழுதி வைங்க, இத நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன்.

கேட்டது தங்கணும்னா என்ன பண்றது? செயின்ட் லூயிஸ்ல இருக்குற வாஷிங்டன் யூனிவர்சிட்டியில ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு சைக்காலஜிக்காரங்க 2006ல ஒரு பாடத்த சிலர நாலு தடவ படிக்கச் சொன்னாங்க, சிலர ஒரு தடவ படிச்சிட்டு மூணு தடவ பாக்காம நினைவுபடுத்தி எழுதச் சொன்னாங்க. அஞ்சு நிமிஷத்துல டெஸ்ட் வச்சா திரும்பத் திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி. ஒரு வாரம் கழிச்சு வச்சா அவங்களுக்கு சுமார் 40 சதவீதம்தான் ஞாபகம், எழுதிப் பாத்தவங்களுக்கு சுமார் 61.

அதனால பொது லெக்சர் நடத்துறவங்க கேள்வி நேரத்துக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் ஒதுக்கி, கேட்டத எல்லாரையும் பாக்காம எழுதச் சொல்லணும்னு எனக்கு ரொம்ப ஆசை. வர்றவங்க கொஞ்சம் முணுமுணுப்பாங்க, அது தெரிஞ்சதுதான். ஹார்வர்ட்ல 2019ல வந்த ஆய்வுலயும் தாங்களே கணக்குப் போட்டு ஃபிசிக்ஸ் கத்துக்கிட்ட பசங்க, நல்ல லெக்சர் கேட்ட பசங்கள விட டெஸ்ட்ல அதிக மார்க் வாங்கிட்டு, நாங்க கம்மியாதான் கத்துக்கிட்டோம்னு சொன்னாங்க. பாடம் ஆரம்பிக்கும்போதே இந்த விஷயத்த பசங்ககிட்ட சொல்லிடுங்கன்னுதான் அந்த ஆய்வாளர்கள் வாத்தியாருங்களுக்கு யோசனை சொல்றாங்க.