கத்திரி வெயிலில் துவளும் செடி தண்ணீர்தான் கேட்கிறதா?

சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "தம்பி, மூணு வேளையும் தண்ணி ஊத்துறேன், அப்பவும் செடி தொங்கிப்போய்க் கிடக்கு." காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டுத் தோட்டங்களுக்கு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. அந்த 'மூணு வேளை'யைக் கேட்டாலே எனக்குப் பதறும்.

போன மே மாதம் கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டாங்கட்டு முற்றத்தில் வரிசையாகக் கத்தரித் தொட்டிகள். மதியம் ஒரு மணி. இலைகள் துணி மாதிரி தொங்கின. ஆச்சி செம்பில் தண்ணீரோடு நின்றார். "கொஞ்சம் பொறுங்க ஆச்சி" என்று விரலை மண்ணுக்குள் விட்டேன். உள்ளே சேறு. ஒரு செடியைத் தொட்டியோடு கவிழ்த்தோம். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பேறியிருந்தது. இழுத்ததும் தோல் உரிந்து கையோடு வந்தது, நடுவில் நூல் மட்டும் மிச்சம். "பிள்ளை மாதிரி பாத்தேனே தம்பி" என்றார். பார்த்ததில் குறையே இல்லை. பார்த்த நேரம்தான் தப்பு.

உச்சி வெயிலில் இலை வெளியேற்றும் நீரின் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாது. அதனால் மண்ணில் ஈரம் இருந்தாலும் இலை துவளும். கத்தரி, சுரை, பூசணி மாதிரி அகல இலைச் செடிகளில் இது சகஜம். வெயில் தாழ்ந்ததும் தானாக நிமிர்ந்துவிடும். மறுநாள் காலையிலும் துவண்டிருந்தால்தான் கவனிக்க வேண்டும். அப்போதும் முதலில் விரலை விட்டுப் பாருங்கள். இரண்டு கணு ஆழத்தில் காய்ந்திருந்தால் ஊற்றலாம். ஈரமாக இருந்தும் துவண்டால் வேரில் கோளாறு. சேற்று மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது, அழுகல் பூஞ்சை புகுந்துவிடும்.

சரி, எப்போது ஊற்றுவது? விடியற்காலையில், தொட்டியின் அடித்துளை வழியே வடியும்வரை, ஒரே தடவையாக. சின்னத் தொட்டி என்றால் சாயங்காலம் விரல் வைத்துப் பார்த்து இன்னொரு தடவை. அப்போது வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வரும் தண்ணீர் கொதிக்கும், அதைக் கீழே விட்டுவிட்டுப் பிடியுங்கள். முற்றத்துக் கல்தளம் அடுப்புக்கல் மாதிரி சுடும் என்பதால் தொட்டிக்கு அடியில் இரண்டு செங்கல் கொடுப்பது நல்லது.

கொல்லையில் நேரே மண்ணில் வைப்பவர்களுக்கு மூடாக்குதான் உயிர். நம்ம செம்மண் மேலே இறுகி ஓடாகிவிடும். வைக்கோலோ வாழைச்சருகோ நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, தண்டை ஒட்டி மட்டும் இடம் விடுங்கள். சிங்கம்புணரிப் பக்கம் தென்னைநார்க் கழிவு தாராளமாகக் கிடைக்கிறதே என்று அப்படியே கொண்டுவந்து மண்ணில் கலக்காதீர்கள். அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும்.

இந்த மாதத்தில் தக்காளியோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் கருத்து. 35 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். உரம் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது. வெண்டையும் கொத்தவரையும் இந்த வெயிலுக்கென்றே பிறந்தவை. வெண்டை விதைத்த ஒன்றரை மாதத்தில் பறிக்கலாம். தண்டுக்கீரை அதற்கும் முன்னால் கைக்கு வந்துவிடும். வேப்பெண்ணெய் தெளிப்பதாக இருந்தால் மாலையில் மட்டும். மதியத்தில் தெளித்தால் இலை கருகும்.

அப்புறம் சுரை. "பூவாப் பூக்குது, காயக் காணோம்" என்பார்கள். வெயில் மாதத்தில் ஆண் பூ அதிகம் வரும். பூவுக்கு அடியில் விரல்நுனி அளவு பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. சுரைப்பூ விரிவதே அந்தி நேரத்தில்தான். அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, நடுவிலிருக்கும் மஞ்சள் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். மூன்று நான்கு நாளில் பிஞ்சு பருத்துக் கீழே தொங்கினால் காய் பிடித்துவிட்டது.