கிரைண்டர் சத்தத்தில் ஓடும் படிப்பு, பேச்சுச் சத்தத்தில் ஏன் நின்றுபோகிறது?

தேவகோட்டையிலிருந்து ஒரு பிளஸ் டூ மாணவி கேட்டிருக்கிறார்: “பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடினாலும் என்னால் படிக்க முடிகிறது. ஆனால் அம்மாவும் பெரியம்மாவும் வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) உட்கார்ந்து மெதுவாகப் பேசினாலே, மனப்பாடம் செய்யும் உலோகங்களின் மின்வேதி வரிசை குழம்பிவிடுகிறது. கிரைண்டர் சத்தம்தானே பெரிது? எனக்குக் கவனம் போதவில்லையா?”

கவனக் குறைவே இல்லை. உங்கள் மூளை சரியாக வேலை செய்கிறது என்பதற்கே இது சாட்சி.

போன மாதம் காரைக்குடியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். முதல் நாள், பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைப் பரப்பி எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆச்சி ஒருவர் எவர்சில்வர் தூக்குகளை எண்ண, நான் நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் இருந்தேன். “முப்பத்திநாலு, முப்பத்தியஞ்சு...” அந்த நேரம் முகப்பிலிருந்து ஒரு குரல்: “அண்ணே, நாப்பத்திரெண்டு இலை போட்டாச்சு!” ஆச்சியிடம் சொன்னதல்ல, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த தூக்கைத் தொட்டதும் அவர் வாயில் வந்தது “நாப்பத்திமூணு”.

அந்த ஒரு நொடிக்குள் நடந்ததைத்தான் பார்க்கப்போகிறோம்.

ஒரு போன் நம்பரைக் கேட்டு, அதை அழுத்தி முடிக்கும் வரை மனதில் தாங்கிக்கொள்கிறோமே, அந்தத் திறனுக்குச் செயல் நினைவு என்று பெயர். இது பழைய ஞாபகங்களின் கிடங்கு இல்லை, இப்போதைய வேலைக்கான மேஜை. இடம் மிகக் குறைவு. 1974-இல் ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற இரு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் இந்த மேஜையைப் பல பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார்கள். நமக்கு வேண்டியது அதில் ஒரு பகுதிதான்: ஒலிச் சுழல்.

சுழலுக்கு இரண்டு உறுப்புகள் என்று வையுங்கள். ஒன்று, உள்ளே இருக்கும் காது. அதில் விழுந்த ஒலி இரண்டு நொடிபோல நிற்கும், பிறகு கரைந்துவிடும். இன்னொன்று, உள்ளே இருக்கும் வாய். கரைவதற்குள் அது திரும்பச் சொல்லும், ஒலி மறுபடி புதிதாகும். “லித்தியம், பொட்டாசியம், கால்சியம், சோடியம்” என்று சத்தமில்லாமல் நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பது இதைத்தான். இரண்டு நொடியில் வாயால் எவ்வளவு சொல்ல முடியுமோ, ஏறக்குறைய அவ்வளவுதான் சுழலில் நிற்கும். அதனால்தான் நீளமான சொற்கள் குறைவாகவும் குட்டைச் சொற்கள் கூடுதலாகவும் நினைவில் தங்குகின்றன.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிமேல்தான். புத்தகத்தில் கண்ணால் படித்த எழுத்து இந்தச் சுழலுக்குள் போக வேண்டுமானால், உள்வாய் அதை ஒலியாக மாற்றிக் கொடுக்க வேண்டும். ஆனால் காதால் கேட்ட பேச்சுக்கு அந்தச் சிரமம் இல்லை. யாரையும் கேட்காமல் நேரே நுழைந்துவிடுகிறது. கண்ணை மூட இமை உண்டு, காதை மூட ஒன்றும் இல்லை.

அப்படியானால் பேச்சின் பொருள்தான் தொந்தரவு செய்கிறதா? 1976-இல் கோல், வெல்ஷ் என்ற இருவர் செய்த சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. ஆங்கில எழுத்துகளைத் திரையில் காட்டி அதே வரிசையில் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். பின்னணியில் ஜெர்மன் மொழியில் ஒருவர் வாசிக்கும் குரல். கேட்டவர்களுக்கு ஜெர்மன் தெரியாது. அப்படியும் தப்புகள் கூடின. குரல் பெரிதா சிறிதா என்பதாலும் பெரிய வித்தியாசம் வரவில்லை என்று பின்னால் வந்த சோதனைகள் காட்டின. பெரியம்மா மெதுவாகப் பேசியும் உங்களுக்குப் பலன் இல்லாமல் போனது இதனால்தான்.

பிறகு வேல்ஸ் நாட்டின் கார்டிஃபில் டிலன் ஜோன்ஸ் குழுவினர் ஒரு படி மேலே போனார்கள். ஒரே அசையைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் நினைவு அவ்வளவாகக் கெடவில்லை. அசைகள் மாறி மாறி வந்தால் கெட்டது. பேச்சே இல்லாமல், ஏறி இறங்கும் வெறும் ஓசைகளுக்கும் அதே கதைதான். காரணம் இப்படி: மாறும் ஒலிகள் காதில் விழுந்தால், நாம் சொல்லாமலேயே மூளை அவற்றை “இதற்குப் பின் இது” என்று கோத்துவிடுகிறது. நீங்களோ உலோகங்களை “இதற்குப் பின் இது” என்று கோத்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டு சரமும் ஒரே கையில் சிக்கிக்கொள்கின்றன. கிரைண்டர் நாளெல்லாம் சொல்வது ஒரே சொல். அதில் கோக்க ஒன்றும் இல்லை.

இதைப் படித்தபோது எனக்குக் களத்தில் நெல் அளப்பவர்கள் நினைவுக்கு வந்தார்கள். எங்கள் பக்கம் கண்மாய்ப் பாசன ஊர்களில் மரக்காலால் அளப்பவர் முதல் மரக்காலை “ஒன்று” என்று சொல்ல மாட்டார். “லாபம்” என்பார். சொல்லிவிட்டு நிறுத்தவும் மாட்டார். அடுத்த மரக்கால் நிறைந்து சாயும் வரை “லாபம், லாபம், லாபம்...” அப்புறம் “ரெண்டு, ரெண்டு, ரெண்டேய்...” சுற்றிலும் எத்தனை பேர் பேசினாலும் எண் தவறாது. உள்வாய் செய்ய வேண்டிய வேலையை அவர் வெளிவாய்க்குக் கொடுத்துவிட்டார். எண் கரைய நேரமே கிடைப்பதில்லை. ஆய்வகம் ஏதும் இல்லாமல் நம் முன்னோர் கண்டுபிடித்த இந்த நுட்பத்தை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருக்கிறது.

சரி, வேண்டாத பேச்சை மூளை தடுப்பதே இல்லையா? தடுக்கிறது. வலிப்பு நோய்ச் சிகிச்சைக்காக மூளைமேல் மின்முனைகள் வைக்கப்பட்டிருந்தவர்களிடம் 2012-இல் மெஸ்காரனி, சாங் இருவரும் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே நேரத்தில் இருவர் பேசினாலும், செவிப்புலப் பகுதியின் மேல்கட்டத்தில் கவனித்த குரலின் வடிவமே தெளிவாகப் பதிந்திருந்தது. ஆனாலும் சல்லடையில் ஓட்டை உண்டு. ஒரு காதில் வரும் பேச்சைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பவரின் இன்னொரு காதில் அவருடைய பெயரைச் சொன்னால், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது கேட்டுவிடுகிறது. 2001-இல் வந்த ஆய்வில், செயல் நினைவு குறைந்தவர்களில் 65 சதவீதம் பேர் பெயரைக் கவனித்தார்கள். நிறைந்தவர்களில் 20 சதவீதம்தான். மேஜை பெரிதாக இருப்பது ஒரு பங்கு என்றால், வேண்டாததை மேஜைமேல் ஏறவிடாத காவல் இன்னொரு பங்கு.

பரீட்சை நேரத்தில் ஞாபகசக்தி டானிக், மந்திரித்த கயிறு என்று பெற்றோர் பணத்தைக் கொட்டுவதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது. சாமி கும்பிட்டுவிட்டுத் தைரியமாகப் போவது வேறு, கயிறு வரிசையை ஞாபகம் வைக்கும் என்று பிள்ளையை நம்பவைப்பது வேறு. அந்தப் பணத்தில் ஊருக்கு ஒரு அமைதியான வாசிப்பறை கட்டலாம். காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அமைய அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். மின்வேதியியலுக்குக் கிடைத்த அந்தக் கொடை மனம், தமிழ்ப் பிள்ளைகள் எப்படிப் படிக்கிறார்கள், எப்படி நினைவில் வைக்கிறார்கள் என்ற ஆய்வுக்கும் கிடைக்க வேண்டும். இதை எழுதிக்கொண்டே இருப்பேன்.

உங்களுக்கு வருகிறேன், தங்கச்சி. வரிசையாக மனப்பாடம் செய்யும் பாடத்தை வளவில் பேச்சு இல்லாத நேரத்துக்கு வையுங்கள், இல்லை இரண்டாம் கட்டுக்குப் போய்விடுங்கள். போக இடமில்லையா, டேபிள் ஃபேனைப் பக்கத்தில் ஓடவிடுங்கள். அதன் ஒரே சீரான இரைச்சல் பேச்சின் ஏற்ற இறக்கத்தை மூடிவிடும். பாட்டு வேண்டுமென்றால் சொற்கள் இல்லாத இசை ஓரளவு பரவாயில்லை, ஆனால் அதன் ஏற்ற இறக்கமும் வரிசையைக் கொஞ்சம் கெடுக்கக்கூடும். ஒரு பத்தியைப் படித்துப் பொருள் புரிந்துகொள்ளும்போது மட்டும் கணக்கு மாறும். அங்கே புரிகிற மொழிப் பேச்சுதான் அதிகம் கெடுக்கும்.

அந்த ஆச்சி முதலிலிருந்து மறுபடி எண்ணினார். இந்த முறை மடியில் ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. பத்துத் தூக்கு ஆனதும் ஒரு கொட்டையை எடுத்து எதிரே வைத்தார். முகப்பில் சத்தம் குறையவே இல்லை. கடைசியில் ஐந்து கொட்டை, மேலே மூன்று தூக்கு. ஐம்பத்து மூன்று என்று நோட்டில் எழுதினேன்.