பிரசவத்தோடு சர்க்கரை போய்விட்டதா?

கர்ப்பத்தில் சர்க்கரை ஏறியிருந்த பெண்களில் பெரும்பாலோருக்குப் பிரசவமான ஓரிரு நாளில் அது இறங்கிவிடும். காரணம் நஞ்சுக்கொடி. அது சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மந்தமாக்கும். குழந்தைக்குக் குளுக்கோஸ் தட்டுப்பாடில்லாமல் போய்ச்சேர உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. ஈடுகட்டத் தாயின் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்க வேண்டும். முடியாதபோது சர்க்கரை ஏறுகிறது. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் இந்த நெருக்கடி தீர்கிறது.

ஆனால் கணையத்தின் கையிருப்பு குறைவு என்பது தெரிந்துபோயிற்றே, அது மாறுவதில்லை. இந்தப் பெண்களுக்குப் பிற்காலத்தில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு, கர்ப்பத்தில் சர்க்கரை வராதவர்களைவிட 7 மடங்கோ அதற்கு மேலோ அதிகம். அதனால்தான் பிரசவமான 4 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து ஒரு பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி காட்டும் எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை இந்தச் சமயத்தில் நம்பகமில்லை. பிரசவத்தில் ரத்தம் போய்ப் புது சிவப்பணுக்கள் உருவாகியிருப்பதால் அளவு குறைவாகக் காட்டலாம். குழந்தையின் தடுப்பூசி நாளை மறக்காத வீடுகளில்கூடத் தாயின் இந்தப் பரிசோதனை விட்டுப்போகிறது. எனக்கு இது பெரிய வருத்தம். தடுப்பூசிக்குப் போகும் நாளையொட்டியே இதையும் முடித்துவிடலாம்.

சரி, சாப்பாட்டால் என்ன ஆகும்? எடை கூடும்போது கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பு சேர்ந்து, இன்சுலின் சொல்வதை அவை கேட்காமல் போகின்றன. கொஞ்சம் எடை இறங்கினாலே கல்லீரல் கொழுப்பு முதலில் கரைகிறது, கணையத்தின் பாரம் குறைகிறது. அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2002இல் வந்தன. உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி, இவைதான் அதன் இலக்குகள். கர்ப்பச் சர்க்கரை வந்து, நீரிழிவின் விளிம்பில் இருந்த பெண்களுக்கு இதனால் நீரிழிவு வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம். தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும்போது ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி பாலுக்கே செலவாகிறது. பாலில் இருக்கும் இனிப்பைச் செய்ய மார்பகம் ரத்தத்திலிருந்து தினமும் ஏறத்தாழ 50 கிராம் குளுக்கோஸை எடுத்துக்கொள்கிறது. அதாவது பால் கொடுப்பதே சர்க்கரையைக் குறைக்கும் வேலையையும் செய்கிறது. பால் நன்றாகச் சுரக்கத் தொடங்கிய பிறகு, வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் மெல்லக் குறைத்தால் போதும்.

முதலில் நிறுத்தவேண்டியவை இனிப்புப் பானங்கள். மெல்ல வேண்டியதில்லை, நார்ச்சத்தும் இல்லை. நேரே ரத்தத்துக்குப் போய்விடுகின்றன. அப்புறம், சாப்பிடும் வரிசை: காய்கறியும் பருப்பு, முட்டை போன்ற புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில். அதே அளவு சாப்பாடுதான், ஆனால் சர்க்கரை அவ்வளவு உயரம் ஏறுவதில்லை. வயிறு காலியாவது தாமதமாகிறது என்பது ஒரு காரணம். சாப்பிட்டதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிடம் நடந்தாலும் பலன் உண்டு. அசையும் தசை இன்சுலினை எதிர்பார்க்காமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும்.

இன்சுலின் போட்டுக்கொண்டே பால் கொடுப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். இரவில் பால் கொடுத்தபின் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிடலாம். கைக்கெட்டும் இடத்தில் சாப்பிட ஏதாவது வைத்துக்கொண்டு, மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.